நடுத்திட்டு யாருக்கு?

அலையாத்தித் தீவில் நீர்நாய்கள் வாழ்ந்தன. எதிரே இருந்த பூவரசந்தீவில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருந்தன. இரண்டு தீவுக்கும் இடையே கொஞ்சம் கடல். அந்தக் கடலின் நடுவே ஒரு மணல் திட்டு. தண்ணீர் வற்றும்போது முதுகைக் காட்டும். தண்ணீர் ஏறும்போது மூழ்கிவிடும். அதற்கு நடுத்திட்டு என்று பெயர்.

நடுத்திட்டைச் சுற்றி எப்போதும் மீன் மேயும். நீர்நாய்கள் போய்ப் பிடித்தன. கூழைக்கடாக்களும் போய்ப் பிடித்தன. "இது யாருடைய இடம்?" என்று யாரும் கேட்டதில்லை. வயிறு நிறைந்திருந்தபோது அந்தக் கேள்வி வரவில்லை.

ஒரு வருடம் மழை பொய்த்தது. ஆற்றிலிருந்து புதுத் தண்ணீர் கடலுக்கு வரவில்லை. மீன் குறைந்தது. அப்போது கேள்வி வந்தது.

கூழைக்கடாக்களின் தலைவர் பெருவாயர் தம் தீவிலிருந்து நடுத்திட்டுக்குப் பறந்து போய்த் திரும்பி வந்தார்.

"நாலு சிறகடிப்பு! அவ்வளவு பக்கம்! திட்டு நம்முடையதுதான்!" என்றார்.

நீர்நாய்களின் தலைவர் செம்மூக்கர் தம் தீவிலிருந்து நடுத்திட்டுக்கு நீந்திப் போனார்.

"ஒரே மூச்சில் வந்துவிட்டேன்! இதைவிடப் பக்கம் உண்டா? திட்டு நம்முடையதுதான்!" என்றார்.

ஒருவர் வானத்தில் அளந்தார். ஒருவர் தண்ணீரில் அளந்தார். இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. அதனாலேயே சண்டை வலுத்தது.

பெருவாயர் ஓர் எல்லை போட நினைத்தார். உதிர்ந்த இறகுகளையெல்லாம் பொறுக்கிவரச் சொன்னார். அவற்றைத் தண்ணீரில் வரிசையாக மிதக்கவிட்டார்.

"இந்த இறகைத் தாண்டி ஒரு நீர்நாயும் வரக் கூடாது!"

காலையில் போட்ட எல்லை மத்தியானம் நீர்நாய்களின் கரையில் ஒதுங்கிக் கிடந்தது.

"பார்த்தீர்களா! நம் எல்லை எவ்வளவு தூரம் போயிருக்கிறது!" என்று பெருவாயர் மகிழ்ந்தார்.

அலையாத்தித் தீவில் துடியன் என்று ஒரு நீர்நாய் இருந்தான். அவன் மனைவி நீலி. அவர்களுக்கு இரண்டு குட்டிகள். குட்டிகளுக்குப் பசி. துடியன் நடுத்திட்டுப் பக்கம் போய் முங்கினான். கொழுத்த மடவை மீன் ஒன்று கண்ணில் பட்டது. விரட்டினான். மீன் வளைந்தது. அவனும் வளைந்தான். மீன் தப்பிவிட்டது. மூச்சு வாங்க அவன் மேலே வந்தான். சுற்றிலும் நீளநீளமான அலகுகள்!

"எல்லை தாண்டிவிட்டான்! பிடியுங்கள்!"

"எந்த எல்லை? நான் மீனைத்தான் பார்த்தேன்!"

"மீன் தாண்டலாம். நீ தாண்டக் கூடாது!"

கூழைக்கடாக்கள் அவனைச் சூழ்ந்து பூவரசந்தீவுக்கு ஓட்டிச் சென்றன. அங்கே ஒரு பெரிய பாறை உண்டு. அதன் உச்சியில் ஆழமான ஒரு குழி. அலை அங்கே எட்டாது. சுவர் வழுக்கும், ஏற முடியாது. அதற்குள் அவனைத் தள்ளின.

பெருவாயர் குனிந்து பார்த்தார். "நடுத்திட்டு கூழைக்கடாக்களுடையது என்று சொல். விட்டுவிடுகிறேன்."

"நான் ஒருவன் சொன்னால் ஆயிற்றா? அது என் சொத்தா, எடுத்துக் கொடுக்க?"

"அப்படியானால் சொல்லும்வரை உனக்கு மீனும் இல்லை, தண்ணீரும் இல்லை!" என்றார் பெருவாயர். தாழை என்ற கூழைக்கடாவைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனார்.

வெயில் ஏறியது. பாறை அடுப்புக் கல்லாகக் காய்ந்தது. நீர்நாய்க்கு உடம்பு நனையாமல் இருக்க முடியாது. துடியனின் ரோமம் சடை பிடித்தது. தோல் எரிந்தது. அவன் குழியின் ஒரு மூலையில் சுருண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

தாழை மேலிருந்து பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு விருட்டென்று கடலுக்குப் பறந்தாள். தொண்டைப் பை நிறையத் தண்ணீர் மொண்டு வந்தாள். குழிக்கு மேலே நின்று அலகைக் கவிழ்த்தாள்.

சோவென்று தண்ணீர் கொட்டியது! துடியன் துள்ளி எழுந்தான்.

"அம்மா! யாருக்காவது தெரிந்தால் உங்களுக்கு ஆபத்து ஆயிற்றே! எதற்காக இப்படிச் செய்கிறீர்கள்?"

"உன் மேல் பாசம் என்று எண்ணிவிடாதே," என்றாள் தாழை. "வெயிலில் என் குஞ்சும் இப்படித்தான் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அதற்கும் இப்படித்தான் ஊற்றுவேன். வாயைப் பிளந்த ஓர் உயிரைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை."

அவள் மறுபடியும் பறந்தாள். மறுபடியும் கொட்டினாள். மூன்றாம் தடவை தண்ணீரோடு ஒரு சிறிய மீனும் விழுந்தது.

துடியன் மீனைப் பார்த்தான். "இது உங்கள் குஞ்சுக்கு வைத்திருந்ததா?"

"அதற்குப் பாதி கொடுத்துவிட்டேன். நீ தின்னு."

தின்றபடியே அவன் கேட்டான்: "இவ்வளவு சின்ன மீனா பிடிக்கிறீர்கள்?"

"மேல் தண்ணீரில் வருவதுதான் எங்களுக்கு. எங்களால் முங்க முடியாது. கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியும், அலகுக்கு எட்டாது."

"எங்களுக்குக் கீழே இருப்பதுதான். அடியில் நண்டு, கல்லிடுக்கில் கெளுத்தி. மேலே கூட்டமாகத் துள்ளும் பொடி மீனை நாங்கள் தொடுவதே இல்லை!"

தாழை குழியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அப்படியானால் நாம் எதற்குச் சண்டை போடுகிறோம்?" என்றாள் தாழை.

துடியனுக்கும் அது தெரியவில்லை.

அதே நேரத்தில் அலையாத்தித் தீவில் நீர்நாய்கள் கூடியிருந்தன. துடியனின் தம்பி கொம்பன் கொதித்துக்கொண்டிருந்தான்.

"பௌர்ணமி நெருங்குகிறது! அன்றைக்குக் கடல் பொங்கும்! பூவரச மரங்களின் தாழ்ந்த கிளைவரை தண்ணீர் ஏறும்! நீந்திப் போய் ஒரு கூடு விடாமல் கவிழ்ப்போம்! ஒரு முட்டை மிஞ்சக் கூடாது!"

"கவிழ்ப்போம்! கவிழ்ப்போம்!" என்று எல்லாம் கத்தின.

நீலி எழுந்தாள். அவள் காலடியில் குட்டிகள் ஒண்டிக்கொண்டிருந்தன.

"தம்பி, முட்டையை உடைத்தால் உன் அண்ணன் உயிரோடு திரும்புவாரா?"

கொம்பன் திகைத்தான். "அண்ணி, அவர் இப்போது உயிரோடு இருக்கிறாரோ என்னவோ!"

"அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நான் போய்ப் பேசிவிட்டு வருகிறேன்."

"பேச்சா? அவர்களோடா?"

"நம்மோடு நாமே எவ்வளவு நேரம்தான் பேசிக்கொண்டிருப்பது?"

செம்மூக்கர் மீசையைத் தடவினார். போருக்குப் போக அவருக்கும் பயம்தான், வெளியே சொல்லவில்லை. "போய் வா அம்மா," என்றார். "பௌர்ணமிக்குள் வந்துவிடு. அதற்குப் பிறகு இவர்களை என்னால் பிடித்து நிறுத்த முடியாது."

நீலி ஒரு பச்சை அலையாத்திக் கிளையை வாயில் கவ்விக்கொண்டாள். சண்டைக்கு வரவில்லை என்பதற்கு அது அடையாளம். பகல் வெளிச்சத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி, தலையை உயர்த்தி நீந்தினாள். காவல் கூழைக்கடாக்கள் பாய்ந்து வந்தன. கிளையைக் கண்டு தயங்கின. பிறகு பெருவாயரிடம் அழைத்துப் போயின.

"என்ன வேண்டும்?" என்றார் பெருவாயர்.

"என் கணவர்."

"நடுத்திட்டு எங்களுடையது என்று சொல். கூட்டிக்கொண்டு போ."

"சொல்லிவிடுவேன் ஐயா. பயந்துபோய் நிற்கிறேன், எதைச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன். ஆனால் பயத்தில் சொன்ன சொல் என் கரை ஏறியதும் மாறிவிடுமே! அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?"

பெருவாயர் அலகைத் திருப்பிக்கொண்டார்.

"திட்டு யாருக்கு என்ற பேச்சு நாளைக்கு இருக்கட்டும்," என்றாள் நீலி. "ஆளை இன்றைக்கு விடுங்கள். திட்டு எங்கும் ஓடிவிடாது. உயிர் போனால் வராது."

"முடியாது!"

"சரி. அவரை ஒரு தடவை பார்க்கவாவது விடுங்கள்."

அதை மறுக்க அவரால் முடியவில்லை. எல்லோரும் பாறைக்குப் போனார்கள். நீலி குழிக்குள் எட்டிப் பார்த்தாள். துடியன் நிமிர்ந்து பார்த்தான். அவன் ரோமமெல்லாம் நனைந்து மினுமினுத்தது.

"நீலி! பிள்ளைகள் சாப்பிட்டார்களா?"

நீலி தலையை மட்டும் ஆட்டினாள்.

பெருவாயரும் குழியைப் பார்த்தார். "இவன் மேலெல்லாம் ஈரம்! தண்ணீர் கொடுத்தது யார்?"

துடியன் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. தாழைதான் முன்னால் வந்தாள்.

"நான்தான் கொடுத்தேன் ஐயா. மீனும் கொடுத்தேன்."

"என் கட்டளையை மீறினாயா? பகைவனுக்கா கொடுத்தாய்?"

"செத்துப்போனால் அவன் நம்மிடம் என்ன சொல்லப்போகிறான் ஐயா?"

பெருவாயர் சிறகை ஓங்கினார். அதற்குள் நீலி ஓடிப் போய்த் தாழையின் காலடியில் தலையைச் சாய்த்தாள்.

"அக்கா, நீங்கள் யாரோ, எவரோ! என் பிள்ளைகளுக்குத் தகப்பனைக் காப்பாற்றிக் கொடுத்தீர்கள்! இதற்கு நான் என்ன செய்வேன்?"

"எழுந்திரு, எழுந்திரு," என்றாள் தாழை கூச்சத்தோடு. "என் குஞ்சு பசியாக இருக்கும். அந்தப் பூவரச மரத்தில், தாழ்ந்த கிளையில்தான் கூடு. நான் போக வேண்டும்."

தாழ்ந்த கிளை! பௌர்ணமி அன்று முதலில் கவிழப்போவது அந்தக் கூடுதான்.

சொன்னால் தன் கூட்டத்துக்குத் துரோகம். சொல்லாவிட்டால் கணவனைக் காத்தவளுக்குத் துரோகம். நீலி கடலைப் பார்த்தாள். குழிக்குள் இருந்த கணவனைப் பார்த்தாள். பிறகு பெருவாயர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, நான் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்கிறேன். சொன்ன பிறகு என்னையும் இந்தக் குழியில் போட்டாலும் போடுங்கள். பௌர்ணமி அன்று எங்கள் ஆட்கள் வருகிறார்கள். தாழ்ந்த கிளைகளில் உள்ள கூடுகளைக் கவிழ்க்கப் போகிறார்கள். முட்டைகளையும் குஞ்சுகளையும் மேலே மாற்றிவிடுங்கள்!"

கூழைக்கடாக்கள் அலறின. "பார்த்தீர்களா! துஷ்டர்கள்! முதலில் நாம் போய் அவர்கள் குட்டிகளைத் தூக்குவோம்!"

பெருவாயர் மட்டும் கத்தவில்லை. அவருடைய பேரக் குஞ்சுகளும் தாழ்ந்த கிளையில்தான் இருந்தன. அவர் நீலியை வெகுநேரம் பார்த்தார்.

"இதை ஏன் எங்களிடம் சொன்னாய்?"

"இந்த அக்காவின் கூடும் அங்கேதானே இருக்கிறது!"

பெருவாயர் ஓங்கிய சிறகைத் தாழ்த்தினார். "அந்த நீர்நாயை மேலே ஏற்றுங்கள்," என்றார். "துடியா, உன் ஆட்களை உன்னால் நிறுத்த முடியுமா?"

"முடியுமா என்று தெரியாது ஐயா. ஆனால் அவர்களுக்கு முன்னால் போய் நிற்பேன்."

கணவனும் மனைவியும் கரை ஏறியதும் அலையாத்தித் தீவில் ஒரே ஆரவாரம். குட்டிகள் தகப்பன் மேல் ஏறி உருண்டன. கொம்பன் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதான். ஆனால் நீலி நடந்ததை மறைக்கவில்லை. அவள் சொல்லி முடித்ததும் ஆரவாரம் அடங்கிப்போனது.

"அண்ணி! நம் திட்டத்தைப் பகைவரிடம் சொல்லிவிட்டீர்களா?" கொம்பனின் பல் தெரிந்தது. "இது துரோகம் இல்லையா?"

துடியன் எழுந்து நின்றான்.

"தம்பி, என்னைத் தொட்டுப் பார். இந்த உடம்பு உயிரோடு இருப்பது ஒரு கூழைக்கடாவால். தன் குஞ்சின் மீனில் பாதியை எனக்குப் போட்டாள். நீ உடைக்க நினைத்த கூடு அவளுடையது. அவளுக்கு நான் பட்ட கடனை முட்டையை உடைத்துத் தீர்க்கச் சொல்கிறாயா?"

பகைவருக்கு நன்றி சொல்லி ஒருவன் சொந்தக் கூட்டத்தின் நடுவே நின்றதை அந்தத் தீவு அதுவரை கண்டதில்லை. கொம்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவளுக்குக் குஞ்சு எத்தனை அண்ணா?" என்று மெல்லக் கேட்டான்.

"ஒன்றுதான்."

அதற்கு மேல் யாரும் போரைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் தண்ணீர் வற்றியதும், நீலி கேட்டபடி திட்டைப் பற்றிப் பேச, இரு தலைவர்களும் நடுத்திட்டில் சந்தித்தார்கள். ஆரம்பம் நன்றாக இல்லை.

"எங்கள் கொள்ளுத்தாத்தா இங்கே நண்டு தின்றார்!" என்றார் செம்மூக்கர்.

"எங்கள் கொள்ளுப்பாட்டி இங்கே சிறகு உலர்த்தினாள்!" என்றார் பெருவாயர்.

"அதற்கு முன்னால் யார் இருந்தார்கள்?"

"நீங்கள் இல்லை!"

பேசப் பேசத் தண்ணீர் ஏறியது. திட்டு மூழ்கியது. ஒருவர் மிதந்தபடியும் ஒருவர் நீந்தியபடியும் கத்திக்கொண்டே இருந்தார்கள்.

தாழைக்குப் பொறுக்கவில்லை. "ஐயாமாரே! எதற்காகச் சண்டை போடுகிறீர்களோ, அந்தத் திட்டையே காணோமே!"

கொம்பன் முதலில் சிரித்தான். பிறகு கூழைக்கடாக்கள் சிரித்தன. கடைசியில் தலைவர்களும் சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்களால் மறுபடி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்த முறை தண்ணீர் வற்றிக் கூடியபோது பேச்சு வேறு மாதிரி இருந்தது. "திட்டு யாருக்கு?" என்று யாரும் தொடங்கவில்லை. "திட்டில் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று தாழை கேட்டாள். துடியன் கீழ்த் தண்ணீரைச் சொன்னான். அவள் மேல் தண்ணீரைச் சொன்னாள். பறக்கப் பழகும் குஞ்சுகள் இளைப்பாற மணல் வேண்டும் என்று பெருவாயர் சொன்னார். நீர்நாய்களுக்கு மணலே தேவைப்படவில்லை.

"இவ்வளவுதானா!" என்றார் செம்மூக்கர்.

வழி தவறி வருபவனைப் பிடிக்கக் கூடாது, வழி காட்டி அனுப்ப வேண்டும் என்று முடிவாயிற்று. மனத்தாங்கல் வந்தால் இரு பக்கத்திலிருந்தும் ஒருவர் வந்து திட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். கூழைக்கடாக்கள் தாழையை அனுப்பின. செம்மூக்கர் கொம்பனை நியமித்தார்.

"என்னையா? எனக்குத்தான் கோபம் வருமே!" என்றான் கொம்பன்.

"கோபம் எங்கே பிறக்கும் என்று உனக்குத்தான் நன்றாகத் தெரியும். பிறக்கும் இடத்திலேயே அணைத்துவிடு."

அன்றே இரு கூட்டமும் சேர்ந்து மீன் பிடித்தன. நீர்நாய்கள் முங்கியதும் அடியில் இருந்த பொடி மீன்கள் பயந்து மேலே வந்தன. அங்கே கூழைக்கடாக்கள் அலகை விரித்துக் காத்திருந்தன. மேலே சிறகு நிழல் விழுந்ததும் பெரிய மீன்கள் அடிக்குப் பாய்ந்தன. அங்கே நீர்நாய்கள் இருந்தன. மழை பொய்த்த அந்த வருடத்திலும் இரண்டு தீவுகளிலும் குஞ்சும் குட்டியும் வயிறு நிறைந்து தூங்கின.

பௌர்ணமி வந்தது. கடல் பொங்கியது. தாழ்ந்த கிளைகள்வரை தண்ணீர் ஏறி, ஒரு முட்டையையும் தொடாமல் இறங்கிப் போனது.

மறுநாள் பெருவாயர் தனியாக அலையாத்தித் தீவுக்குப் பறந்து வந்தார். நீலி கரையில் குட்டிகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் முன்னால் இறங்கினார். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். அவ்வளவு பெரிய வாயிலிருந்து அந்தச் சின்னச் சொல் வர வெகுநேரம் ஆயிற்று.

"நன்றி, அம்மா," என்றார் கடைசியில். "நேற்று என் பேரக் குஞ்சுகளை எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"ஐயா, என் பிள்ளைகளைப் பாருங்கள்," என்றாள் நீலி. துடியன் தண்ணீருக்குள்ளிருந்து எழ, குட்டிகள் இரண்டும் கூச்சலிட்டுக்கொண்டு அவன் முதுகில் தொற்றின. "இவர்கள் தகப்பனோடு விளையாடுகிறார்கள். நானும் உங்களுக்கு அதையேதான் சொல்ல வேண்டும்."

நடுத்திட்டு யாருடையது என்ற கேள்விக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை. விடை இல்லாமலேயே இரண்டு தீவுகளும் நன்றாக இருக்கின்றன.

பகைவன் செய்த நன்மையையும் மறவாமல் வாய்விட்டு நன்றி சொல்லத் தெரிந்தவர்களே, எல்லைச் சண்டையைப் பேசித் தீர்ப்பார்கள்.